ஒட்டகத்தைக் கட்டாத தவக்குல்



சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், நம் கச்சிராயபாளையத்து வாலிபர்கள் நால்வர் என்னிடம் வந்தார்கள். புதுச்சேரிக்குப் போய், 'கயாக்' என்னும் சிறு துடுப்புப் படகில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போகப் போகிறார்களாம். "துஆச் செய்யுங்கள், ஹஜ்ரத்!" என்றார்கள்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். இருவருக்குத் தெரியாது. "மிதவைச் சட்டை?" "எதற்கு ஹஜ்ரத்? பிச்சாவரத்தில் ஒரு தடவை துடுப்புப் போட்டிருக்கிறோம். தவக்குல் இருக்கிறது. மவுத்தானாலும், நீரில் மூழ்கியவர் ஷஹீத்தானே!" என்று சிரித்தார் ஒருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதுகளில் ஒருவர் என்பது புகாரி, முஸ்லிமில் வந்துள்ள ஹதீஸ்தான். ஆனால் அது பறிகொடுத்த குடும்பத்துக்கு அல்லாஹ் தந்த ஆறுதல். ஆபத்தைத் தேடிப் போகிறவனுக்குத் தந்த அனுமதிச் சீட்டல்ல. தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறதே! கொந்தளிக்கும் நேரத்தில் கடலேறுகிறவனுக்குப் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்தில் முஸ்னத் அஹ்மதில் ஹதீஸ் உண்டு. கடல் வழியில் ஆபத்தே மிகைத்திருந்தால் ஹஜ்ஜுக்காகக் கூட அவ்வழியே போவது கடமையில்லை என்று ஃபுகஹாக்கள் சட்டம் சொன்னார்கள். ஹஜ்ஜுக்கே இப்படி என்றால், உல்லாசத்துக்கு என்ன சொல்ல!

பிச்சாவரம் அலையில்லாத கழி. நம் கோமுகி அணையில் நின்றால் எதிர்க்கரை தெரியும். கடலுக்கு எதிர்க்கரை ஏது? ஆனி, ஆடியில் காலை வேளை மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் தண்ணீர் அமைதியாகத்தான் தோன்றும். அந்த அமைதிதான் ஏமாற்றுகிறது. துடுப்பை நிறுத்தினால் படகு உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். திரும்ப நினைக்கும்போது கையில் வலு இராது. கவிழ்ந்தால், பழகாதவரால் மறுபடி ஏறவும் முடியாது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில், அளவுக்கு மிஞ்சி ஆள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரிலும் அப்படியே 22 பேர். பெரிய படகுகளுக்கே இந்தக் கதி!

தவக்குல் என்பது என்ன? ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நீச்சல் கற்பதும், மிதவைச் சட்டை அணிவதும், காற்றறிந்த மீனவரைக் கேட்பதும், பழகியவர் துணையோடு போவதும்தான் இங்கே அந்தக் கயிறு. பெற்றோரின் சம்மதமும் அதில் ஓர் இழை.

பெரியவர்களே! கப்பலின் கீழ்த்தட்டில் துளையிடுவோரை மேல்தட்டினர் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்ற ஹதீஸை நாம் அறிவோம். "பிள்ளைகள் விளையாடுகிறார்கள்" என்று வாளாவிருக்க நமக்கு உரிமையில்லை.

அந்த நால்வரும் முகம் வாடித்தான் எழுந்தார்கள். "துஆவை மறுக்கவில்லை தம்பிகளே, முதலில் நீச்சல் கற்று வாருங்கள், செய்கிறேன்" என்றேன். அன்று அவர்கள் போகவில்லை. பிறகு இருவர் கிணற்றில் நீச்சல் பழகுவதாகக் கேள்விப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ்!

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதைப் பேணி நடக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.