சின்ன ரயிலும் வீட்டாரின் நேரமும்

குடும்பத் தலைவர் ஒருவர், வீட்டில் வேலை கிடக்கும்போது தமக்குப் பிடித்த ஒரு கைவேலையில் நேரத்தையும் காசையும் செலவிடலாமா? அது நியாயமான இளைப்பாறலா, அல்லது தன்னலந்தானா? இது வசதி படைத்தோரின் கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். லயத்துக் காம்பராவிலும் இது எழுகிறது. ஒருவருக்குப் பழைய வானொலியைப் பிரித்துப் பூட்டுவதில் ஆசை, இன்னொருவருக்குப் புறா வளர்ப்பதில் ஆசை, வேறொருவருக்கு மிருதங்கம். சிலருக்கோ வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ரயில்பாதை கட்டிப் பார்க்க ஆசை. இக்கடைசி ஆசையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ராகலை மக்களுக்கு அதில் ஒரு தனி உரிமை உண்டு.

ராகலைக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. உடபுசல்லாவை ரயில்பாதை என்று அதற்குப் பெயர். 1903ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையும், அடுத்த ஆண்டில் கந்தப்பளை வழியாக ராகலை வரையும் அது திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வரும் பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி அகலம். இந்தச் சின்னப் பாதையில் இரண்டரை அடிதான். தோட்டத்துத் தேயிலை அதிலே இறங்கியது. அரிசியும் சாமான்களும் அதிலே ஏறின. லொறிகளும் பஸ்களும் போட்டிக்கு வந்தபின் அது நலிந்து, 1940களில் மூடப்பட்டது. இன்றைய ராகலைப் பிள்ளைகள் தம் ஊரில் ரயிலைக் கண்டதில்லை.

அந்த ரயிலைத் தம் பிள்ளைகளுக்காகச் சிறிய உருவில் செய்துகாட்ட ஒரு தகப்பன் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, மனைவிக்கு மலையில் கொழுந்தெடுக்கும் வேலை, பிள்ளைகள் மூவர். மாதிரி ரயில் செய்வோரிடையே வழக்கமான ஓர் அளவு, உண்மைப் பொருளில் 76இல் ஒரு பங்கு. அந்த அளவில் இரண்டரை அடிப் பாதை பத்து மில்லிமீட்டராகிவிடுகிறது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. நானுஓயாவிலிருந்து ராகலை வரையுள்ள தூரமோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதையும் அதே அளவில் குறைத்தால் 400 மீட்டர் வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் நீளத்தைப்போல நூறு மடங்குக்கும் அதிகம்! ஆகவே, அவர் முழுப் பாதையையும் கட்ட முடியாது. ஒரு நிலையம், ஒரு வளைவு, ஒரு தேயிலைச் சரிவு என்று தேர்ந்தெடுத்து, மற்றவற்றை விட்டுவிடவேண்டும். இந்த வேலையில் இறங்குகிற எவரும் கற்கவேண்டிய முதல் பாடம் இதுவே. இடத்தை இவ்வளவு கவனமாக அளக்கிறவர், வீட்டாரின் நேரத்தையும் அதே கவனத்தோடு அளக்கிறாரா என்பதுதான் நம் கேள்வி.

விளையாட்டு பாவமா?

பிழைக்கிற வழியைப் பார்க்காமல் பொம்மை ரயிலா என்று ஏளனம் செய்வோர் உண்டு. திருச்சபையின் மரபு அவர்களோடு உடன்படவில்லை. புனித தோமஸ் அக்குவீனாஸ் தமது பெரிய இறையியல் நூலில் விளையாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உடல் களைத்தால் ஓய்வு தேவைப்படுவதுபோல, உள்ளம் களைத்தாலும் ஓய்வு தேவை என்கிறார். அதற்குச் சான்றாகப் பண்டைத் துறவியர் சொல்லிவந்த ஒரு கதையை எடுத்துக்காட்டுகிறார். அப்போஸ்தலரான அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் இடறலடைந்தார்கள். அருளப்பர் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து, அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க இயலுமா என்று கேட்டார். வில் முறிந்துபோகும் என்றார் அவர். மனித உள்ளமும் அப்படித்தான் என்று அருளப்பர் விளக்கினாராம்.

ஆனால், அதே புனிதர் சில எல்லைகளையும் இடுகிறார். விளையாட்டில் தகாத சொல்லோ செயலோ இருக்கக்கூடாது; அதில் உள்ளம் முற்றாக மூழ்கிவிடக்கூடாது; அது ஆளுக்கும், காலத்துக்கும், இடத்துக்கும் பொருந்தவேண்டும். பெட்டிப் பலகையில் செய்த ரயில் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்த ஆள், இந்த நேரத்தில், இந்த வீட்டில் அதைச் செய்வது சரியா என்றே கேட்கவேண்டும்.

தவறணைக்குப் போகவில்லையே!

இவ்விடத்தில் ஒரு சமாதானம் சொல்லப்படுவதை நாம் அறிவோம். "மற்றவர்களைப்போலத் தவறணைக்குப் போகவில்லையே! வீட்டில்தானே இருக்கிறேன்!" தோட்டங்களில் மதுவினால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் இதை அற்பமாகத் தள்ளமாட்டார்கள். மாலை வேளையில் வீட்டிலிருக்கும் தகப்பன் ஒரு கொடைதான். ஆயினும், மிகத் தாழ்ந்த ஒரு கோலைக்கொண்டு நம்மை நாமே அளந்து, உயரமானவர் என்று மகிழ்வதில் என்ன பயன்? கள்ளும் சாராயமும் தொடாத ஒருவர், தம் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, "தொடாதே! தூரப்போ!" என்பதைத் தவிர வேறெதுவும் பிள்ளையோடு பேசாதிருந்தால், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வீட்டில் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? புனித இரண்டாம் அருள் சின்னப்பர், 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், தகப்பன் இல்லாத குறை பிள்ளைகளின் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் பாதிக்கும் என எச்சரித்தார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை மனைவியோடு பகிர்ந்துகொள்ளும்படியும் கேட்டார். வீட்டுக் கூரையின் கீழ் இருப்பதால் மட்டும் அந்தக் குறை தீர்ந்துவிடாது.

யாருடைய ஓய்வு?

காசுக் கணக்கு எளிதானது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று 2021ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளிவருவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டில் செய்த மாதிரி என்ஜினை அந்தச் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாது. பழைய பெட்டிப் பலகையும், தகரமும், தீப்பெட்டியும், பசையும் இருந்தால் போதும் என்று நம் தகப்பன் தீர்மானிக்கலாம். காசு மிச்சமாகும். நேரத்தின் கணக்கோ அவ்வளவு வெளிச்சமாகத் தெரிவதில்லை.

அவருடைய மனைவியின் ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். ரொட்டியும் சம்பலும் செய்து, பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, மலைக்கு ஏறுகிறாள். மழையோ வெயிலோ, கூடை முதுகில். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பினால் தண்ணீர், விறகு, சமையல், துணி. இரவு எட்டு மணிக்குக் கணவர் பலகையை விரித்துத் தண்டவாளம் ஒட்டுகிறார் என்றால், அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. அவர் கழுவாத பாத்திரத்தை அவள் கழுவுகிறாள்; அவர் பார்க்காத பள்ளிக் கணக்கை அவள் பார்க்கிறாள். அவருடைய ஓய்வு அவளுடைய ஓய்விலிருந்து எடுக்கப்பட்டது. கேட்டுப் பெற்றிருந்தால் அது அன்பளிப்பு. கேளாமல் எடுத்திருந்தால், சற்றுக் கடுமையாகத் தோன்றினாலும், அதைக் களவு என்றே சொல்லவேண்டும்.

ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை இணைச்சட்ட நூலில் வாசித்துப் பாருங்கள். நீ ஓய்ந்திரு என்று சொல்வதோடு அது நின்றுவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் ஊரில் தங்கும் அந்நியன் என்று எல்லாரையும் எண்ணி எண்ணிச் சொல்கிறது. உன்னைப்போல உன் வேலைக்காரரும் இளைப்பாறவேண்டும் என்பதே அதன் நோக்கம். மனைவி அந்தப் பட்டியலில் தனியாகக் குறிக்கப்படவில்லை. 'நீ' என்ற சொல்லிலேயே அவளும் அடக்கம் என்று வேத அறிஞர் பலர் விளக்குவர். பட்டியலில் பெயரில்லை என்பதால் அவளுக்கு ஓய்வே தேவையில்லை என்பதுபோல நடந்துகொள்ளும் கணவன்மார் நம்மிடையே இல்லையா? ஒரு வீட்டின் ஓய்வு நேரம் வீட்டார் எல்லாருக்கும் பொதுவான சொத்து. தலைவர் முதலில் தம் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்தால் மற்றவர்க்குக் கொடுப்பது அந்தக் கட்டளைக்கு நேர்மாறானது.

இரண்டு தகப்பன்மார்

இங்கிலாந்தில் இரு ஆங்கிலிக்கன் குருமார் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். இருவரும் பிள்ளை பெற்றவர்கள். ஒருவர் வில்பர்ட் ஆட்ரி. 1943ஆம் ஆண்டில் அவருடைய மகன் கிறிஸ்தோபர் சின்னமுத்து நோயில் படுத்திருந்தான். மகனின் கட்டிலருகே அமர்ந்து, தாம் நேசித்த ரயில் என்ஜின்களைப் பற்றிக் கதை சொன்னார் தகப்பன். மரத்தால் ஓர் என்ஜினும் செய்து கொடுத்தார். 1945 முதல் அக்கதைகள் நூல்களாக வந்தன. இன்று உலகெங்கும் சிறுவர் தொலைக்காட்சியில் பார்க்கும் 'தோமஸ்' என்ற என்ஜின் அந்த நோயாளிப் பிள்ளையின் கட்டிலருகே தொடங்கிய கதைகளின் வழியில் வந்ததே.

மற்றவர் பீட்டர் டெனி. 'பக்கிங்ஹாம்' என்ற மாதிரி ரயில்பாதையை அவர் பல்லாண்டுகள் பாடுபட்டுக் கட்டினார். அதன் ஒரு முனையை அவரும், மறுமுனையை மகன் கிறிஸ்பினும் இயக்குவார்கள். மணியடித்து ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புவார்கள். பின்னாளில், மகன் செய்துவந்த வேலையைச் செய்வதற்கு டெனி ஒரு இயந்திரம் அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'தானியங்கிக் கிறிஸ்பின்'. வேடிக்கையான பெயர்தான். ஆனால், அதற்குள் ஒரு தகப்பனின் பாசம் ஒளிந்திருக்கிறது. மணியடிக்க ஓர் இயந்திரம் போதும். மறுமுனையில் நின்ற பிள்ளைக்கு ஈடு ஏது? அவன் நம் பக்கத்தில் நிற்கும் ஆண்டுகள் சிலவே. அந்த ஆண்டுகளில் ரயிலுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஓர் இடம் இருந்ததா என்பதே முக்கியம்.

பாலன் குடில் கற்பிப்பது

மாதிரி கட்டும் கலை நமக்குப் புதிதன்று. 1223ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பெத்லகேம் தொழுவத்தை மக்கள் கண்முன் அமைத்துக்காட்டினார். அந்த வழியில் ஒவ்வொரு நத்தாருக்கும் நம் காம்பராக்களில் குடில் எழும்புகிறது. சின்னவன் பாசி பொறுக்கி வருகிறான். மகள் கடதாசிக்குச் சாயம் பூசி மலையாக்குகிறாள். அம்மா பழைய சேலைத் துண்டு கொடுக்கிறாள். அப்பா விளக்கைப் பூட்டுகிறார். ஆட்டுக்குட்டியின் கால் உடைந்திருந்தால் யாரும் கோபிப்பதில்லை. பசை தடவி நிறுத்திவிடுகிறோம். அதனால் வீட்டு வேலை கெட்டுப்போனதென்று எவரும் முறையிட்டதும் இல்லை. ஏன்? எல்லாருடைய கையும் அதில் பட்டிருக்கிறது. எல்லாருடைய நேரமும் விரும்பிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ராகலைத் தகப்பன் தம் ரயிலையும் இப்படிக் கட்டலாம். தொடங்குமுன் மனைவியிடம் கேட்கட்டும்: வாரத்தில் எந்த மாலை? அந்த மாலைக்கு ஈடாக, எந்த மாலையில் அடுப்படி என் பொறுப்பு? அவள் இளைப்பாறும் நேரம் எது? அவளுக்குப் பிடித்த வேலை ஒன்று இருக்கிறதா என்றும் கேட்கட்டும். இத்தனை ஆண்டுகளில் அக்கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். செபமாலை நேரத்தையும் பிள்ளைகளின் படிப்பு நேரத்தையும் ரயில் தொடாதிருக்கட்டும். வளைவு கொஞ்சம் கோணலானாலும், பிள்ளையின் கை ஒட்டிய தண்டவாளம் அப்படியே இருக்கட்டும். ஞாயிறு மாலையில் லயத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, நம் தாத்தாமார் காலத்தில் இந்த மலையில் இப்படித்தான் ரயில் ஏறிவந்தது என்று காட்டட்டும்.

வேலை முடிய நான்கு ஆண்டுகள் ஆகலாம், முடியாமலும் போகலாம். அதனால் குறைவொன்றுமில்லை. உங்களுடைய பிடித்தமான வேலை ரயிலோ, புறாவோ, மிருதங்கமோ, எதுவானாலும் சரி, இவ்வாரம் அதை எடுக்குமுன் வீட்டாரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே களைப்பு தெரிந்தால், முதலில் அந்தப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வாருங்கள்.