விதை வெங்காயத்தின் உயிர்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் எங்கள் சின்ன வெங்காயக் காடு. பட்டறையிலிருந்து விதை வெங்காயத்தை எடுத்து ஊன்றும்போதெல்லாம் மனசை ஒரு கேள்வி அரிக்கும்: இது புதுப் பிறப்பா, பழைய உயிரின் தொடர்ச்சியா? ஊன்றிய ஒரு காய் இரண்டரை மாதத்துக்குள் ஐந்தாறாகப் பிரிகிறது. மகரந்தம் இல்லை, தகப்பன் இல்லை. தாய்க்காயின் மரபணுவேதான் அத்தனையிலும். தாத்தா நட்ட வெங்காயம் இன்னும் சாகவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஓர் உடலுக்கு ஓர் உயிர் என்ற கணக்கு இங்கே நிற்காது. மண்ணுக்கடியில் விளைபவற்றில் எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பதாகக் கருதிச் சமணர்கள் வெங்காயத்தை விலக்குகிறார்கள். நான் சைவத்தில் வளர்ந்தவன். ஆன்மா பகுபடாது என்றே நம்புகிறேன். ஆனாலும் இந்தச் செடியைக் கூர்ந்து பார்த்தவர்கள் சமணர்கள்தான்.

மாறாத உடலுக்கு விலையும் உண்டு. அடித்தாள் அழுகல் நோய், விதைக்காயோடே அடுத்த நடவுக்கும் வந்துவிடுகிறது, தீராத வினையைப் போல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகமோ பூத்து விதை கட்டும். பூவில் மரபணுக்கள் கலைந்து சேர்வதால் ஒவ்வொரு நாற்றும் சற்றே வேறாகிறது. புதிய உயிர் வருவது அந்த நாற்றங்காலில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.