காற்றாலை மின்சாரமும் அறக்கணக்கும்

மின் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகச் செலுத்தி, தாம் செலவழிக்கும் யூனிட்டுகளுக்கு ஈடான மின்சாரம் காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ கிடைக்கும்படி செய்துகொள்ளும் ஏற்பாடே பசுமை மின்சாரத் திட்டம். 1990களில் தொடங்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவியது. கூடுதல் பணம் கட்டியவர் வீட்டில் விளக்கு கூடுதலாக எரிவதில்லை. பணம் கட்டாத பக்கத்து வீட்டுக்கும் அதே கம்பியில் அதே மின்சாரம்தான் வருகிறது. ஆகவே, அவர் எதை வாங்குகிறார், அந்தச் செலவு அறச்செயல் ஆகுமா என்ற கேள்விகள் எழுகின்றன. பொறியியலைவிட அறவியலே இவற்றுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்க அரசு 1933இல் தொடங்கிய மின் உற்பத்தி நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2000இல் அறிமுகமான அத்திட்டத்தில் பசுமை மின்சாரம் 150 யூனிட் கொண்ட பங்குகளாக விற்கப்பட்டது. ஒரு பங்குக்கு மாதம் 4 டாலர் கூடுதல் கட்டணம். அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 2.7 சென்ட். ஒரு குடும்பம் ஒரு பங்கும் வாங்கலாம், தன் முழுப் பயன்பாட்டுக்கு ஈடாகப் பல பங்குகளும் வாங்கலாம். நிலக்கரி வெட்டி எடுத்து முடிந்த பஃபலோ மலையின் உச்சியில் தலா 660 கிலோவாட் திறனுள்ள மூன்று காற்றாலைகள் முதலில் நிறுவப்பட்டன. 2004இல் தலா 1.8 மெகாவாட் திறனுள்ள மேலும் 15 காற்றாலைகள் அங்கே சேர்ந்தன.

மலையில் உற்பத்தியான மின்சாரம் பணம் கட்டியவரின் வீட்டைத் தேடிப் போவதில்லை. நிலக்கரி, அணு, நீர் மின்சாரத்தோடு பொதுத் தொகுப்பில் கலந்து, எங்கே தேவையோ அங்கே செலவாகிவிடுகிறது. காற்று ஓய்ந்த இரவில் பங்கு வாங்கியவரின் வீட்டிலும் மற்ற நிலையங்களின் மின்சாரமே எரிகிறது. கணக்குப் புத்தகத்தில்தான் காற்றாலையின் உற்பத்தியும் அவருடைய பயன்பாடும் பொருந்துகின்றன. தன் செயலின் பலன் தன் கைக்கே வந்து சேராதபோது, அதைத் தன் செயல் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமா?

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருக்கமான ஒரு கற்பனை நிகழ்ச்சியை ஆராய்ந்தார். பாலைவனத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஏராளமானோர் தாகத்தால் தவிக்கிறார்கள். தொலைவில் உள்ள ஆயிரக்கணக்கானோர் ஆளுக்குச் சிறிது தண்ணீரை ஒரே வண்டியில் ஊற்றி அனுப்புகிறார்கள். வண்டித் தண்ணீர் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதால், ஒருவர் ஊற்றிய தண்ணீர் எந்தத் தனி மனிதரின் தாகத்தையும் உணரத்தக்க அளவில் தணிப்பதில்லை. ஆனாலும் எல்லாரும் ஊற்றும்போது பெரும் துன்பம் தீர்கிறது. ஆகவே, ஒரு செயலைத் தனியே எடுத்து நிறுக்காமல், அது எந்தக் கூட்டுச் செயலின் பகுதி என்று பார்க்க வேண்டும் என்பது பார்ஃபிட்டின் வாதம். பசுமைப் பங்கு வாங்குபவரின் நிலையும் இதுவே. அவருடைய 4 டாலர் காற்றாலையை எழுப்பாது. அவரைப் போன்ற பல்லாயிரம் பேரின் 4 டாலர் எழுப்பும்.

இந்த வாதம் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. ஊற்றியது தண்ணீராக இருக்க வேண்டும்; அதாவது, கொடுத்த பணம் உண்மையிலேயே ஏதேனும் விளைவிக்க வேண்டும். பசுமை மின்சாரச் சந்தையில் ஆயிரம் யூனிட் உற்பத்திக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. மின்சாரத்தை ஒருவருக்கும் அதன் சான்றிதழை மற்றொருவருக்கும் தனித்தனியே விற்கலாம். நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களில் உற்பத்தியாகிறது. அவற்றில் பல, பல்லாண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டவை. அவற்றின் சான்றிதழ்கள் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு விற்கப்படுகின்றன. அதனால் சான்றிதழ் வாங்காத நார்வே வாடிக்கையாளரின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி, எரிவாயு, அணு மின்சாரம் என்று அந்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு காட்டுகிறது. அணையில் விழும் நீர் முன்போலவே விழுகிறது. பெயர் மட்டும் கை மாறியிருக்கிறது. பணம் கொடுக்காவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் பணம் கொடுத்தவர் எதற்கும் காரணமாவதில்லை.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள ஷோனாவ் என்ற சிற்றூர் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் அங்கே பெற்றோர்கள் சிலர் தொடங்கிய இயக்கம், 1991லும் 1996லும் நடந்த இரண்டு ஊர் வாக்கெடுப்புகளில் வென்று, 1997இல் உள்ளூர் மின் வலையமைப்பையே விலைக்கு வாங்கியது. 1998இல் ஜெர்மானிய மின் சந்தை திறந்துவிடப்பட்டபின் நாடு முழுவதும் பசுமை மின்சாரம் விற்கத் தொடங்கிய அவ்வியக்கத்தின் மின் நிறுவனம், யூனிட் விலையில் ஒரு சிறு பகுதியைப் புதிய மின் நிலையங்கள் அமைப்பதற்கென்றே ஒதுக்கியது. இருந்ததற்குப் பெயர் சூட்டாமல் இல்லாததை உண்டாக்குவதில் வாடிக்கையாளரின் பணம் இங்கே ஈடுபடுகிறது. காரண காரியத் தொடர்பு உறுதியாக இருப்பதால் அறப்பொறுப்பும் உறுதிப்படுகிறது.

சமய நோக்கில் எழும் விமர்சனம் இன்னும் கூர்மையானது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்ட முறையை எதிர்த்து 1517இல் மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். திருச்சபையின் கோட்பாட்டின்படி அச்சீட்டு தரும் சலுகைக்கு மனம் வருந்துதல் அடிப்படை. பணம் அந்த வருத்தத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே கண்டனத்துக்குக் காரணம். பசுமைக் கட்டணமும் நுகர்வைக் குறைக்காமலேயே மனச்சாட்சியை அமைதிப்படுத்தும் ஒரு சீட்டு என்று விமர்சகர்கள் கூறுகின்றனர். போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலும், கார்பன் உரிமங்களை வாங்கி விற்பது புதுவகை ஊக வணிகத்துக்கு வழி திறந்து, சில நாடுகளின் மிதமிஞ்சிய நுகர்வு தொடர உதவிவிடும் என்று எச்சரிக்கிறது.

இந்த ஐயம் வெறும் ஊகமில்லை என்பதற்கு டென்னசி திட்டத்திலேயே சான்று உண்டு. மெம்பிஸ் நகர வாடிக்கையாளர்களின் மின் கணக்கை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு பங்கு மட்டும் வாங்கிய குடும்பங்களின் மின் பயன்பாடு, சேர்ந்தபின் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடியது தெரியவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகள் வாங்கியவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டியவருக்கு அது கடன் தீர்ந்த உணர்வைத் தந்திருக்கலாம். ஆயினும், கூடிய பயன்பாடு பங்கினால் விளைந்த நன்மையை முற்றிலும் விழுங்கிவிடவில்லை.

மறுபக்கம், சமய அமைப்புகளே இத்திட்டங்களின் முன்னோடி வாடிக்கையாளர்களாக இருந்திருக்கின்றன. 1998இல் சான் பிரான்சிஸ்கோவில் எபிஸ்கோப்பல் சபையின் சாலி பிங்கம் முன்னின்று தொடங்கிய இயக்கம், தேவாலயங்களை ஒன்றுசேர்த்துப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கச் செய்தது. பின்னர் அது பிற சமயத்தாரையும் உள்ளடக்கி வளர்ந்தது. படைப்பு கடவுளுடையது, மனிதர் அதன் காப்பாளர் மட்டுமே என்பது இதன் இறையியல். காப்பாளருக்குக் கட்டணம் பரிகாரமாகாது. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பேணும் செலவுகளில் அதுவும் ஒன்று. அதே தொகை, செலுத்துபவரின் மனநிலையைப் பொறுத்துப் பரிகாரமாகவும் கடமையாகவும் மாறுகிறது.

மனநிலைக்கு அவ்வளவு மதிப்புண்டா என்பதை டெக்சாஸின் ஆஸ்டின் நகர மின் நிறுவனத்தின் அனுபவம் சோதித்துப் பார்க்கிறது. அங்கே பசுமைத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு, ஏறி இறங்கும் எரிபொருள் கட்டணத்துக்குப் பதிலாகப் பல ஆண்டுகளுக்கு மாறாத காற்றாலைக் கட்டணம் விதிக்கப்பட்டது. இயற்கை எரிவாயு விலை உயர்ந்தபோது காற்றாலை மின்சாரமே மலிவாகிவிட்டது. 2006இல் போட்டி மிகுந்து, குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் பசுமைக் கட்டணம் வெகுவாக ஏறியபோது வாங்குவோர் குறைந்தனர். அறியாத வாடிக்கையாளரிடமும் நியாய விலை வாங்கும் கடைக்காரர் வியாபாரத்துக்காக அப்படிச் செய்தால் அச்செயல் கடமைக்கு ஒத்தது, ஆனால் கடமைக்காகச் செய்தது அன்று என ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதினார். இம்மையில் செய்த கொடை மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை வாணிகமாக்கும் ஆள் வள்ளல் ஆய் அண்டிரன் அல்லன் என்று புறநானூற்றில் முடமோசியார் பாடியதும் இதே வேறுபாட்டைக் குறிக்கிறது. காற்றாலைக்கு இந்த வேறுபாடு தெரியாது. லாபத்துக்காக வாங்கிய யூனிட்டும் அதே அளவு எரிவாயுவை மிச்சப்படுத்துகிறது. செயலின் நன்மையும் செய்தவரின் நன்மையும் வெவ்வேறு கேள்விகள். குலுக்கலில் இடம் கேட்டவரும், விலை ஏறியபின் விலகாதவரும் முதல் கேள்வியில் சமம், இரண்டாவதில் சமமில்லை.

கடைசியாக நீதியின் கேள்வி. தூய காற்றின் பலன் எல்லாருக்கும் கிடைக்க, அதன் செலவை விரும்பியவர் மட்டும் ஏற்பது முறையா? ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் கூடுதல் செலவைப் பெரும்பாலான நுகர்வோரின் கட்டணத்திலும் சேர்த்தது. அங்கே விருப்பத்துக்கு இடமில்லை. வரியைப் போல எல்லாரும் கொடுத்தனர். ஆனால் பெருந்தொழிற்சாலைகளுக்குச் சலுகை தரப்பட்டதால் சுமை வீடுகளின் மீது கூடியது என்ற மனக்குறை எழுந்தது. 2022 ஜூலையில் அக்கட்டணம் நீக்கப்பட்டு, செலவு அரசு நிதிக்கு மாறியது. காற்றைக் கெடுக்காமல் இருப்பது கடமை என்றால், அதை விருப்பக் கட்டணமாக விற்பது கடமையைக் கொடையாகக் குறுக்குவதாகும். சட்டம் இன்னும் கட்டாயமாக்காத இடத்திலோ, விருப்பத்தோடு கொடுப்பவர் தம் பங்குக் கடனை முன்கூட்டியே செலுத்துகிறார். அவருடைய பணம் புதிய காற்றாலை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்து, அவருடைய பயன்பாடு அதைக் காரணம் காட்டிப் பெருகாமல் இருந்தால்தான் அந்தக் கடன் செலுத்தியதாகும்.