வாளேந்திய குவேக்கர்

மனச்சான்றே மனிதனுக்கு இறுதி வழிகாட்டி என்று போதிக்கும் ஒரு சமயம், அதே மனச்சான்றின் ஆணைப்படி நடப்பதாகக் கூறித் தன் நெறியை மீறும் உறுப்பினரை விலக்கலாமா என்ற வினா, 18ஆம் நூற்றாண்டின் பென்சில்வேனியாவில் வெறும் ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. பிரித்தானியக் குடியேற்றமாகிய அதை நிறுவிய வில்லியம் பென் ஒரு குவேக்கர். ‘நண்பர்கள் சங்கம்’ என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இறைவனின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் நேரே சுடர்கிறது, ஆகவே குருவோ சடங்கோ இடையில் வேண்டியதில்லை என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. எக்காரணம் பற்றியும் ஆயுதம் எடுப்பதில்லை என்பதையும் 1661இலேயே மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு அவர்கள் எழுத்தில் அறிவித்திருந்தனர்.

இந்தச் சங்கத்தில் 1744இல் பிலடெல்ஃபியாவின் வணிகக் குடும்பமொன்றில் பிறந்த தாமஸ் மிஃப்ளின், 1772இல் குடியேற்றச் சட்டமன்றத்துக்கும் 1774இல் கண்ட மாநாட்டுக்கும், அதாவது குடியேற்றங்களின் பொது மன்றத்துக்கும், தேர்வானார். ஜான் சிங்கிள்டன் காப்ளி 1773இல் தீட்டிய ஓவியத்தில், புத்தகத்துக்குள் விரலை நுழைத்துப் படித்த பக்கத்தைப் பிடித்தபடி அவர் மனைவியைப் பார்த்திருக்க, சாரா மிஃப்ளின் சிறு தறியொன்றில் ஓரக்குஞ்சம் நெய்துகொண்டிருக்கிறார். பிரித்தானியச் சரக்கைப் புறக்கணித்து வீட்டிலேயே நெய்துகொள்வது அன்று அரசியல் எதிர்ப்பு. அது குவேக்கர் போற்றிய எளிமைக்கும் ஒத்துவந்தது. அதுவரை அவருடைய சமயமும் அரசியலும் முரண்படவில்லை.

1775இல் பிரித்தானியாவுக்கு எதிரான விடுதலைப் போர் மூண்டபோது முரண்பட்டன. படைத்தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளாத குடிமக்கள் ஊர்தோறும் திரண்டு பயிற்சி பெறும் குடிப்படையை அமைப்பதில் மிஃப்ளின் முன்னின்றார். பின்னர் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் துணையதிகாரியானார். சங்கம் அவரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது. இது சாபமன்று, வழிபாட்டுக்கு வரத் தடையுமன்று; அவருடைய செயலுக்குத் தான் பொறுப்பல்ல என்று சங்கம் செய்யும் அறிவிப்பு. அவரோ 1776இல் பிரிகேடியர் ஜெனரலாகவும் 1777இல் மேஜர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1776ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், பணிக்காலம் முடிந்து வீடு திரும்பவிருந்த வீரர்களிடம், தலைக்குப் பத்து டாலர் தருவதாகச் சொல்லி, இன்னும் ஆறு வாரம் நிற்கும்படி பேசி இணங்கவைத்தவர்களுள் அவரும் ஒருவர். உள்ளம் ஏவும்போது மட்டுமே வாய் திறக்கும் மௌன வழிபாட்டில் வளர்ந்தவர் போர்க்களத்தில் நாவன்மையால் பெயர் பெற்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உள்ளொளியே அளவுகோல் என்றால், போருக்குச் செல் என்று மிஃப்ளினுக்கு உரைத்த குரலைப் பொய்யென்று பிறர் எப்படிச் சொல்லலாம்? குவேக்கர் மரபின் விடை இது: ஒளி தனிமனிதனுக்குள் சுடர்ந்தாலும், அதை ஆசையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் பிரித்தறிய அவன் ஒருவனால் இயலாது, கூடியமர்ந்து காத்திருக்கும் சபையின் தேர்வு வேண்டும். இவ்விடை குறையற்றதன்று, ஏனெனில் சபையும் பெரும்பான்மையின் வழக்கத்தையே ஒளியென்று மயங்கக்கூடும். ஆயினும் அந்தப் போர்க்காலத்தில் சபை எளிய வழியைத் தேர்ந்ததாகக் கூற முடியாது. 1777இல் பிலடெல்ஃபியாவின் குவேக்கர் பலர் விசாரணையின்றிக் கைதாகி வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்குக் கடத்தப்பட்டனர். அவர்களுள் இருவர் அங்கேயே இறந்தனர். விடுதலைக்காகப் போரிட்டவர்களே இதைச் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், மிஃப்ளினின் உறவினரும், தம் அடிமைகளை விடுவித்தவருமான வார்னர் மிஃப்ளின், தோழர் சிலரோடு போர்முனையைக் கடந்து, பிரித்தானியத் தளபதி ஹவ், வாஷிங்டன் இருவரிடமும் சங்கத்தின் போர்மறுப்பை நேரில் எடுத்துரைத்தார். ஒரே ஒளியைச் சான்று கூறிய இரு மிஃப்ளின்களில் வார்னரின் துணிவு தாமஸின் துணிவுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. அந்தத் துணிவால் எவர் உயிரும் போகவில்லை என்பதால் அதுவே உயர்ந்தது என்று கொள்ள இடமுண்டு.

தம் பொறுப்பிலிருந்த படைப்பொருள் வழங்கலில் எழுந்த குறைகூறல்களுக்கிடையே தாமஸ் படையை விட்டு நீங்கினார். ஆனாலும் 1783 டிசம்பர் 23 அன்று அனாபலிஸில் வாஷிங்டன் படைத்தலைமையைத் துறந்தபோது, அதை ஏற்ற மாநாட்டுத் தலைவர் அவரே. 1787இல் அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்திட்டு, 1790 முதல் 1799 வரை பென்சில்வேனியாவின் ஆளுநராக இருந்தார். 1794இல் சாராய வரியை எதிர்த்து மேற்கு மாவட்ட உழவர்கள் கிளர்ந்தபோது, படையை ஏவுமுன் நீதிமன்றங்கள் தம் கடமையைச் செய்து பார்க்கட்டும் என்று அவர் வாதிட்டார். அது பலிக்காதபோது குடிப்படைக்கு ஆள் திரட்ட மாவட்டந்தோறும் சென்று பேசவும் செய்தார். முதலில் தயங்கியதைச் சிறுவயதுச் சமயப் பயிற்சியின் எச்சமாகக் காட்டுவது எளிது. ஆனால் மாநில உரிமை பற்றிய கவலையே அதற்குப் போதிய விளக்கம்.

போரில் சேர்ந்து நீக்கப்பட்ட வேறு சில குவேக்கர், சாமுவேல் வெதரில் தலைமையில் 1781இல் ‘சுதந்திரக் குவேக்கர்’ என்ற தனிச் சங்கம் கண்டு, மனச்சான்றின் பொருட்டு எவரையும் நீக்குவதில்லை என்று விதித்துக்கொண்டனர். கேட்பதற்கு அதுவே உள்ளொளிக் கொள்கையின் நேரான முடிவு. ஆயினும் போர் முடிந்தபின் அவர்களைப் பிணைத்துவைக்கப் பொதுவான நெறி ஏதும் எஞ்சவில்லை. 1830களில் அவர்களின் வழிபாட்டுக் கூட்டம் நின்றுபோயிற்று. மிஃப்ளினை நீக்கிய சங்கமோ போர்மறுப்பைக் கைவிடாமல், அடிமைமுறைக்கு எதிரான மனுக்களோடு புதிய குடியரசின் மன்றத்துக்கு மீண்டும் மீண்டும் சென்றது.