கொத்தனார் கூலி

வேலை ஒன்றாயிருக்கக் கூலி மட்டும் ஆளுக்கொரு விதமாய் இருப்பானேன் என்று வீடு கட்டுவோர் கேட்பதுண்டு. குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கும் 2025-ஆம் ஆண்டு தீபாவளி கழிந்தபின் அக்கேள்வி பிறந்தது. அடுப்பங்கரைப் பின்சுவரை இடித்துக் கட்டித் தரைக்கு ஓடு பதிக்க மூவரை அழைத்தோம். சாமான் நம்முடையது, கூலி மட்டுமே பேச்சு. முதல்வர் 1,800 வெள்ளி என்றார். இரண்டாமவர் 2,600 என்றார். டவுனிலிருந்து வந்தவரோ 3,400 என்று சொல்லி, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். முதல்வரை யோக்கியரென்றும் மூன்றாமவரைக் கொள்ளைக்காரரென்றும் அப்பொழுதே தீர்மானித்துவிட்டோம்.

வேலை நடக்க நடக்கத்தான் மூன்றாமவரின் கணக்கு நமக்கு விளங்கலாயிற்று. பழஞ்சுவரை இடித்தால் குப்பை மலையாய்க் குவிகிறது. அதை அகற்ற லாரி வேண்டும். நம் வீட்டுப் பின்புறத்துக்கு வண்டி போகாது. மணலையும் செங்கல்லையும் வாசலிலிருந்து சுமக்க ஒரு சித்தாள் கூடுதலாக வேண்டும். ஓடு பெரிதானால் தேர்ந்த கை வேண்டும். மழையால் பூச்சு வேலை நின்ற நாளிலும் ஆள் சாப்பிட்டே ஆகவேண்டும். வேலை முடிந்தபின் பாக்கியை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் கனவான்கள்தாம் நம்மில் எத்தனை பேர்! அந்த நஷ்டத்தையும் கொத்தனார் அடுத்த வீட்டுக் கணக்கில்தானே சேர்க்கவேண்டும்?

அப்படியானால் 1,800 எப்படி வந்தது? பேசியவர் ஒருவர், உழைக்க வந்தவர்களோ வங்காளதேசத்து இளைஞர் இருவர். நாம் பேரம்பேசி 1,600 ஆக்கினோம். அதில் 600 பேசியவருக்குப் போயிற்று என்பதை அவ்விளைஞர்கள் மலாயில் சொல்லக் கேட்டோம். மிச்சம் ஆயிரம், இருவர், ஒன்பது நாள். கணக்கெழுதும் கை சும்மா இருக்குமா? ஆளுக்கு நாளொன்றுக்கு 55 வெள்ளிச் சொச்சம். நாட்டுச் சட்டமோ 2025 பிப்ரவரியில் குறைந்த மாதச் சம்பளத்தை 1,700 வெள்ளியாக்கி, ஆகஸ்டில் சிறு முதலாளிகளையும் அதற்குள் கொண்டுவந்தது. 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளிச் சொச்சம். ஊரில் வாங்கிய பயணக் கடன் தீராத அவ்விருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்பதுதான் அந்த விலையின் இரகசியம்.

ஆகவே கூலி இரண்டு காரணங்களால் வேறுபடுகிறது. ஒன்று வேலையின் தன்மை. அதில் நமக்கு வழக்கில்லை. மற்றொன்று ஆளின் இக்கட்டு. மறுத்துப் போக இடமிருப்பவன் ஒரு விலை சொல்லுகிறான். இல்லாதவன் நாம் சொல்லும் விலைக்குத் தலையாட்டுகிறான்.

இது நேற்று வந்த வழக்கமன்று. சிங்கப்பூரில் 1856-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சுண்ணாம்பில் குழைத்து, சென்னைப் பூச்சு என்னும் வழவழப்பை அச்சுவர்களுக்குத் தந்தவர்கள் அவர்களே. கைத்திறனில் குறைவில்லை, ஆயினும் சந்தைக் கூலி அவர்களுக்கு இல்லை.

நம் தோட்டங்களுக்கு வருவோம். 1920-களின் பிற்பகுதியில் அரசாங்கம் இந்தியத் தொழிலாளருக்குக் கூலி வரையறுத்தபோது, மரத்தில் எவ்வளவு பால் இறங்கிற்று என்று பார்க்கவில்லை. ஆள் எவ்வளவு அரிசி, உப்பு, துணி வாங்குகிறான் என்று பட்டியல் போட்டது. போக்குவரத்து எளிதான இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அரிசி விலை கூடிய பஹாங் உட்பகுதியில் 58, 46. ரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் 50, 40 என்பன 40, 32 ஆயின. பட்டியலிலிருந்த அரிசி அவ்வாண்டு வயிற்றுக்கு வேண்டாததாய்ப் போயிற்றா? சீனத் தொழிலாளர் கூடுதலாகப் பெற்றனர். அவர்கள் குத்தகை பேசினார்கள், பிடிக்காவிட்டால் வேறிடம் போனார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில் அவர்களுக்குச் சமமான கூலியும் ஒரு கோரிக்கையாயிற்று.

இன்றும் செகாமட்டுக் கொத்தனாரைவிட ஜொகூர் பாருக் கொத்தனார் துணிந்து விலை சொல்லுவதேன்? 1924-இல் திறக்கப்பெற்ற பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே ஒரு டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல். அவர் கரண்டியும் தூக்குக்குண்டும் மற்றவருடையதைப் போன்றவையே. ஆனால் மறுத்துப் போக அவருக்கு ஓரிடம் இருக்கிறது.

“இருவரும் சம்மதித்த விலைதானே, இதில் அநியாயம் எங்கே?” என்று நண்பரொருவர் கேட்டார். சம்மதம் உண்மையே. ஆனால் அந்த 200 வெள்ளியைக் குறைக்கையில், மூன்றாமவரிடம் நமக்கு வாய் திறக்கத் துணிவில்லாமற் போனதும் உண்மை. குறைந்த கூலி இல்லையேல் ஏழை எப்படி வீடு பழுதுபார்ப்பான் என்பார் மற்றொருவர். இது கனமான கேள்வி. நம் சம்பளமும் பெரிதன்று. சுவரைச் சிறிதாக்கியிருக்கலாம், ஓட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கலாம். அப்படி யோசிக்கவே இல்லை; ஆளைத்தான் மலிவாக்கினோம்.

தோட்டத்துக் குடியிருப்புகளுக்குக் கூரை மாற்ற வந்த மூன்று விலைச்சீட்டுகள் இப்பொழுது நம் மேசைமேல் கிடக்கின்றன. மிகக் குறைந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மேலே அனுப்புவது வழக்கம். இம்முறை, எத்தனை ஆள், எத்தனை நாள், ஆளுக்கு நாட்கூலி எவ்வளவு என்று மூவரையும் எழுதிக் கேட்டிருக்கிறோம். இருவர் பதில் அனுப்பிவிட்டனர். குறைந்த விலை சொன்னவரிடமிருந்து இன்னும் வரவில்லை.