பக்கவிளைவு யார் பக்கம்?

ஒரு மருந்து தனக்கு என்ன தீங்கு செய்யக்கூடும் என்பதை நோயாளி அறிந்தே தீரவேண்டுமா? அறிந்தால் அஞ்சி மருந்தையே கைவிடுவார் எனில், சொல்லாது விடுதல் கருணையாகாதா? மருத்துவ அறநூல்களில் இது பழைய வினா. இவ்வினாவை நாம் டயகமவில் வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியே ஏறும் பாதையில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை அண்டிக் கிடக்கும் தேயிலை நிலம் அது.

அங்கே கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலோ நீர்க்கடுப்போ கண்டால், கடைசியில் அவள் கைக்கு வருவது ஒரு சிறு கடதாசி உறை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்ற குறிப்பு அதன்மேல் இருக்கும். மருந்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பெரிய கொள்கலத்தோடு வந்த விளக்கத்தாள் மருந்து கட்டும் அறைக்குள்ளேயே தங்கிவிடும். ஒரே மருந்தைக் கொழும்பில் பெட்டியோடு விலைக்கு வாங்குபவர் அந்தத் தாளை மடிப்புப் பிரித்து வாசிக்கின்றார். உண்மையும் பங்கீட்டு அரிசி போல ஆளுக்கேற்ப அளந்து கொடுக்கப்படுகின்றது.

சொல்லாது விடுதலை ஆதரிப்போர் எல்லோரும் தீயவர் அல்லர். அவர்களது வாதத்தில் வலுவுண்டு. நுண்ணுயிர்க்கொல்லிகளின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் எளியவை: வயிற்றுப்போக்கு, குமட்டல், தோலில் தடிப்பு. குமட்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவருக்கு, அந்த எதிர்பார்ப்பினாலேயே குமட்டல் வருவதுண்டு என்பதும் ஆய்வாளர் கண்ட உண்மை. பயந்து இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்துபவருக்கு நோய் திரும்பலாம்.

ஆனால் இந்த வாதம் ஒன்றை மறந்துவிடுகின்றது. பென்சிலின் வகை மருந்தால் உடலெங்கும் தடித்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறிய ஒருவர், அடுத்தமுறை வேறொரு வைத்தியரிடம் செல்லும்போது அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பிழைப்பார், சொல்லாவிடில் இறக்கவும் கூடும். தான் விழுங்கியதன் பெயரே தெரியாதவர் எதைச் சொல்வார்? அதிலும், நோயாளியின் மொழியை வைத்தியரும் வைத்தியரின் மொழியை நோயாளியும் அறியாத இடத்தில்? 2023 யூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் செவ்ட்ரியாக்சோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றப்பட்டபின் ஓர் இளம் பெண் உயிரிழந்தபோது நாடே திடுக்குற்றது. ஊசிமருந்தின் தரமும் உடலின் ஒவ்வாமையும் பல நாட்கள் விவாதிக்கப்பட்டன. நோயாளி கேள்வி கேட்கும் உரிமை சில வாரங்களேனும் பொதுப்பேச்சாயிற்று.

சரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் கடினமான பகுதி இதன்பிறகே தொடங்குகின்றது.

டொக்சிசைக்கிளின் உண்பவர் கடும் வெயிலைத் தவிர்க்கவேண்டும். தோல் வெந்து சிவந்துபோகும். மலையுச்சியின் பகல் வெயிலில் நின்று கொழுந்தெடுப்பவள் எந்த நிழலுக்குப் போவாள்? அதே மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். இரவில் உடம்பு ஓய்ந்து சாய்பவளிடம் இதை யாரேனும் சொன்னதுண்டா? இரத்தசோகைக்கென்று கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைக் கூடவே விழுங்கினால், டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளும் சிப்ரோபுளொக்சசினும் உடலிற் சேராது போகும். ஒரே கையிலிருந்து இரண்டு உறைகள் கிடைக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கின்றது. சிப்ரோபுளொக்சசின் இனத்து மருந்துகள், அரிதாகவேனும், குதிகால் தசைநாணை நைந்தறச் செய்யும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டகம் 2008இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. குதிகால் வலித்தால் மருந்தை நிறுத்தி, நடையைக் குறைத்து, வைத்தியரைக் காணவேண்டும் என்பது அறிவுரை. முதுகில் கொழுந்துச் சுமையோடு வழுக்கும் சரிவில் இறங்குபவளுக்குக் குதிகால் வலி என்றைக்கு இல்லாதிருந்தது, அதைப் புதிய அடையாளமாகக் கொள்வதற்கு? கழிப்பிடமற்ற மலையில் நாள்முழுதும் நீரை அடக்கி நிற்பதனால் வந்த நோய்க்கே அம்மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

தலைசுற்றல் என்பது விளக்கத்தாளில் ஒரு சொல். வீட்டிலிருப்பவருக்கு அது அரைநாள் படுக்கை. மலையில் நிற்பவளுக்கோ நிறுவை குறைந்து ‘அரைப்பேர்’ விழும் நாள். மருந்து ஒன்றே, அதன் அணுக்கட்டமைப்பும் ஒன்றே. எனினும் அதன் பக்கவிளைவு கூலிச் சிட்டையிலும் எழுதப்படுகின்றது. இதனை எந்த ஆய்வுகூடமும் அளந்து தாளில் அச்சிடுவதில்லை. ஆகவே, உண்மையைச் சொல்லும் கடமை வைத்தியரோடு முடிவதன்று. அவ்வுண்மையின்படி நடக்க இயலாத நிலையில் ஒருத்தியை வைத்திருப்போருக்கும் அதில் பங்குண்டு. அறிவிப்பு மட்டும் கொடுத்துவிட்டு, ‘சொன்னோம், அவள் கேட்கவில்லை’ என்று கைகழுவுதல் மௌனத்திலும் கொடியது என்றே நாம் கருதுகின்றோம்.

எச்சரிக்கை வர்க்கம் பார்த்துக் குறைவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1949இல் சந்தைக்கு வந்த குளோரம்பெனிக்கோல், நெருப்புக் காய்ச்சலுக்கு அருமருந்து. ஆனால் பல்லாயிரத்தில் ஒருவருக்கு எலும்பு மச்சையை வற்றச் செய்து உயிரைக் குடித்தது. அமெரிக்காவில் உயிராபத்தான நோய்க்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்ட அதே மருந்து, இலத்தீன் அமெரிக்காவில் சாதாரணத் தொண்டை நோவுக்கும் பரிந்துரைக்கப்பட்டு, எச்சரிக்கை சுருக்கப்பட்டிருந்ததை 1976இல் மில்ட்டன் சில்வர்மன் தம் நூலில் ஒப்பிட்டுக் காட்டினார்.

நம் நாட்டில் இவ்வநீதியை நேருக்கு நேர் எதிர்த்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. வைத்தியரும் பொதுவுடைமைத் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் இணைந்து அளித்த அறிக்கையை அடுத்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. வணிகப் பெயர்களுக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயர். ஆயிரக்கணக்கில் பெருகிய மருந்துகளுக்குப் பதில் தேவையான சில நூறு. பெயரே குழப்பமாயின் பக்கவிளைவை எவரால் நினைவில் வைத்திருக்க இயலும்? 1974இல் வாந்திபேதி பரவியது. கூட்டுத்தாபனம் தருவித்த டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் குளிகைகளாக்க பைசர் நிறுவனம் முன்வரவில்லை. அதன் ஆலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தது, அமெரிக்கத் தூதர் தலையிட்டார், யோசனை நின்றது. குளிகைகள் அதிக விலையில் வானூர்தி வழியே தருவிக்கப்பட்டன. அவ்வாண்டு தோட்டங்களில் பசியால் மக்கள் மடிந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரிடம் மருந்து உறையைக் கொண்டுவந்து, ‘சேர், இதில் என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்பவர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அக்கணமே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்று சொல்லலாம். தாமாக மருந்தை நிறுத்தாது கேட்டு நிறுத்தச் சொல்லலாம். இரும்பு மாத்திரையை எத்தனை மணி நேரம் தள்ளி விழுங்குவது என்று மருந்து கொடுப்பவரிடமே கேட்கத் தூண்டலாம். மருந்துண்ணும் நாட்களில் அரைப்பேர் போடக்கூடாது என்பதை மட்டும் ஆசிரியர் உறையின்மேல் எழுதிவிட முடியாது. அதைத் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும்.