மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் திரும்பிய பக்கமெல்லாம் சாமி. கிழக்கே புவனகிரி தாண்டினால் சிதம்பரம், அங்கிருந்து சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், வேளாங்கண்ணி. மேற்கே விருத்தாசலம், அதையொட்டி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். வடக்கே வடலூர். தெற்கே கும்பகோணம், அதைச் சுற்றி எண்ணி மாளாத கோயில்கள். மே மாதம் பிறந்துவிட்டால் இந்த ரோட்டில் ஓடும் வேன்களின் கூரையில் பாத்திரப் பண்டமும் பாயும் கட்டியிருக்கும். உள்ளே மொட்டையடிக்கப் போகும் தலைகளும் மொட்டையடித்து வரும் தலைகளும் இருக்கும். இப்போதெல்லாம் அந்தப் பயணத்தின் கடைசி நாள் பாண்டிச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, ஏதாவது ஒரு தீம் பார்க்கில் முடிகிறது. முதல் இரண்டு நாள் பாட்டிக்கு, மூன்றாவது நாள் பேத்திக்கு.

இப்படியொரு வேனில் ஒரு கைக்குழந்தையையும் ஏற்றிப் பார்ப்போம். கற்பனைக் குழந்தைதான், ஆனால் எந்த ஊரிலும் இருக்கக்கூடியது. ஜனவரி தொடக்கத்தில், 31 வாரத்திலேயே, 1,400 கிராம் எடையில் பிறந்தது. ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. மூக்கில் குழாயோடு பேரனைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அன்றே பாட்டி வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்து வீடு வந்தால் நடராசர் சன்னதியில் கொண்டு வந்து கிடத்துகிறேன், வைத்தீஸ்வரன்கோயிலில் முதல் முடி இறக்குகிறேன். பிள்ளை வீடு வந்துவிட்டது. இப்போது மே மாதம், மூத்தவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, வேனுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. “சாமிக்குக் கடன் வைக்கக் கூடாதும்மா” என்கிறார் மாமியார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் பார்ப்பதில் காரணம் உண்டு. காலண்டர்படி நாலு மாதம் என்றாலும், ஒன்பது வாரம் முந்திப் பிறந்ததைக் கழித்தால் அது இரண்டு மாதக் குழந்தை. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பெருமளவு இறங்குவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். அந்தச் சீர்வரிசை வந்து சேருவதற்குள்ளேயே இவன் புறப்பட்டு வந்துவிட்டான். தட்டம்மைக்கான முதல் ஊசி நம் நாட்டில் ஒன்பது மாதம் முடிந்த பிறகே. பெரியவர்களுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாகக் கடந்து போகும் சளி, இவ்வளவு சிறிய மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டி மூச்சு வாங்கும். மறுபடி ஆக்சிஜன், மறுபடி கண்ணாடிப் பெட்டி. இதயத்தில் ஓட்டையோடு அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

பாட்டியின் பக்கம் வாதம் இல்லாமல் இல்லை. இந்த வட்டாரத்தில் யாரிடமும் எடுபடக்கூடிய சாட்சி அவரிடம் இருக்கிறது. 1823 அக்டோபரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத மருதூரில் பிறந்த இராமலிங்கத்தை, ஐந்தாவது மாதத்திலேயே பெற்றோர் சிதம்பரத்துக்குத் தூக்கிப் போனார்கள். சிற்சபையில் திரை விலகியபோது குழந்தை கலகலவென்று சிரித்ததாம். பிறகு வள்ளலார் என்று உலகம் அறிந்தது அந்தக் குழந்தையைத்தான். சீர்காழி சம்பந்தரையும் துணைக்கு அழைக்கலாம். மூன்று வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் உட்கார வைத்துவிட்டுத் தந்தை தண்ணீரில் மூழ்கி நின்றார். இன்று ஓர் அங்கன்வாடிப் பணியாளர் அந்த வழியாக வந்திருந்தால் தேவாரத்துக்கு முன் வேறொன்று கேட்டிருக்கும்.

ஆனால் அந்த இரண்டு கதைகளிலும் பிள்ளையைக் கொண்டு போய் எந்தப் பாக்கியும் தீர்க்கப்படவில்லை. வள்ளலாரின் கதை திரை விலகியதைப் பற்றியது, பெற்றோரின் வேண்டுதலைப் பற்றியது அல்ல. கடன் தீர்ப்பதற்காகப் பிள்ளையைக் கொடுத்த கதை வேண்டுமென்றால் வேறொரு இடத்தில் தேட வேண்டும். அதுவும் சிதம்பரத்தில்தான் கிடைக்கும்.

சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே கூடியிருந்தவர்கள் சிறுத்தொண்டர் கதையையும் கேட்டிருப்பார்கள். பைரவ வேடத்தில் வந்த அடியார், ஒரு குடிக்கு ஒரே மகனாக, ஐந்து வயதில், உடலில் குறையில்லாத பிள்ளையைக் கறியாக்கித் தரக் கேட்கிறார். பெற்றோர் தம் மகன் சீராளனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார்கள். அம்மாவும் அப்பாவும் ஏதோ மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளையும் சிரிக்கிறான். பக்திக் காவியத்தில் இதைவிடக் கனமான சிரிப்பு வேறு உண்டா என்று தெரியவில்லை. கடைசியில் இலையில் கறியும் இல்லை, வந்த அடியாரும் இல்லை. வெளியே போய்க் கூப்பிட்டால் பள்ளியிலிருந்து ஓடி வருபவனைப் போல சீராளன் வருகிறான்.

ஆபிரகாம் தன் மகனைப் பலியிட மலையேறிய கதையை வைத்து, டென்மார்க்கின் தத்துவவாதி சோரன் கீர்க்ககோர் 1843-இல் ‘அச்சமும் நடுக்கமும்’ என்ற நூலை எழுதினார். அறத்தையும் தாண்டி ஒரு மனிதனின் விசுவாசம் போக முடியுமா என்று அவர் கேட்ட கேள்வி இன்றுவரை தத்துவ வகுப்புகளில் ஓயவில்லை. என்றாலும் அந்த நூலும் பெரும்பாலும் தகப்பனின் நெஞ்சைச் சுற்றியே நடக்கிறது. கட்டி வைக்கப்பட்ட பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கேள்வி இன்னும் எளிது: வேண்டிக்கொண்டது யார், அதற்கு உடம்பைக் கொடுப்பது யார்?

வேனுக்குள் நடக்கும் வாக்குவாதத்தில் எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். கோயிலா தீம் பார்க்கா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டி வேண்டிக்கொண்டார், அப்பா பணம் கட்டினார், அக்கா ஆசைப்பட்டாள். மூச்சு வாங்கப் போவது மட்டும் நாலாவது ஆள். பெரியவர்கள் அலகு குத்திக்கொள்ளலாம், தீ மிதிக்கலாம், உருண்டு கொடுக்கலாம். தன் உடம்பு, தன் கடன். கையில் இருக்கும் குழந்தைக்கு ராட்டினமும் தெரியாது, சிதம்பர ரகசியமும் தெரியாது.

கூட்டத்துக்குள் போகும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாண்ட் பூங்காவிலிருந்து தட்டம்மை பரவியது. அந்த மாநிலத்தில் முதலில் கணக்கெடுக்கப்பட்ட 110 பேரில் 49 பேர் ஊசி போடாதவர்கள். அவர்களில் 12 பேர் ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகள். தட்டம்மைக் கிருமி, அதைக் கொண்டு வந்தவர் வெளியேறி இரண்டு மணி நேரம் வரைகூடக் காற்றில் நிற்கும். அந்தக் குழந்தைகளுக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கத்தான் எல்லோரும் போனார்கள். தேர்த் திருவிழாவிலும் அப்படித்தான். நம் பிள்ளையின் பலவீனத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. காய்ச்சலும் இருமலுமாகத் தோளில் கிடக்கும் நம் மூத்த பிள்ளை, பக்கத்து வரிசையில் இருக்கும் யாரோ ஒரு குறைமாசப் பிள்ளைக்கு என்னவாகிறான் என்பதும் அறக் கேள்விதான். அதை யாரும் பாவக் கணக்கில் எழுதுவதில்லை.

அப்படியானால் நேர்த்திக்கடன்?

இதற்குப் பதில் தேடி டாக்டரிடம் போக வேண்டியதில்லை, பாட்டியின் பெட்டியிலேயே இருக்கிறது. குறித்த நேரத்தில் போக முடியாதவர்கள் மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார்கள். கடன் மறக்கப்படவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் கையெழுத்து. கொளஞ்சியப்பர் கோயிலில் இன்னும் ஒரு படி மேல்: குறையைத் தாளில் எழுதிப் ‘பிராது’ கட்டுகிறார்கள். சாமியோடு பேசலாம், முறையிடலாம், தவணை கேட்கலாம் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. வட்டி போட்டு வசூலிக்கும் தெய்வத்தை நம் பாட்டிமார்கள் கும்பிட்டதில்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிய வீட்டில், பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று மறுபடி வாங்கி, பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயர் வைத்தார்களே, அது கண்ணேறு கழிக்கும் தந்திரம் மட்டுமல்ல. இது என் சொத்து அல்ல, வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று தாயே ஊரறிய ஒப்புக்கொள்வது அது. அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதை வைத்துப் பந்தயம் கட்ட மாட்டார்.

ஆகவே தள்ளிப்போடு என்று எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அந்தத் தவணை கிடைப்பதில்லை.

ஹென்றி லாண்ட்வர்த் என்ற ஓட்டல்காரர் நாஜி வதைமுகாம்களில் தப்பிப் பிழைத்தவர். ஃபுளோரிடாவில் டிஸ்னி பூங்காவுக்குப் பக்கத்தில் அவருக்கு ஓட்டல் இருந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பூங்காவைப் பார்க்க ஆசைப்பட்டாள்; அவர் இலவசமாக அறை தந்தார். டிக்கெட்டும் மற்ற ஏற்பாடுகளும் கூடிவருவதற்குள் அந்தச் சிறுமி இறந்துபோனாள். இனி எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஆகக் கூடாது என்று 1986-இல் அவர் தொடங்கியதுதான் ‘கிவ் கிட்ஸ் தி வேர்ல்ட்’. கடும் நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்கள் காசு செலவில்லாமல் தங்கிப் பூங்காக்களைப் பார்க்க அங்கே ஒரு கிராமமே இருக்கிறது. அந்தச் சிறுமியிடம் போய் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது பொறுப்பாகாது.

ஆக, காத்திருந்தால் அந்தக் காலம் பிள்ளைக்கு எதையாவது தருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைமாசப் பிள்ளைக்குத் தரும்: எடை, ஊசி, நுரையீரல். அறுவைக்குக் காத்திருப்பவனுக்கும் தரும். காலம் எதையும் தரப்போவதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்ட பிள்ளைக்கு, கேட்டது கோயிலோ கடலோ ராட்டினமோ, கூட்டமில்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப்போவதுதான் அறம். அவனை வீட்டில் பூட்டி வைப்பது பெற்றவர்களின் பயத்துக்குச் செய்யும் படையல். நோய்க்கு அதில் மருந்து இல்லை.

பூட்டி வைப்பது என்றதும் மருமகள் நினைவுக்கு வருகிறாள். பிள்ளை பலவீனம் என்றால் நம் வீடுகளில் அடைபடுவது இரண்டு பேர். வாசல்படி தாண்டாமல், தூங்காமல், ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு ஒருத்தி கிடப்பதைக் காப்பு என்று சொல்ல முடியாது. காப்பது வேறு, ஒதுக்குவது வேறு என்பதை மருத்துவமே தாமதமாகத்தான் கற்றது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாசக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு தாய் பராமரிப்பு என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித் தருவது அதுதான். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இப்படித் தாயோடு சேர்த்த சிறு குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 விழுக்காடு. உடல்நிலை சீரான பிறகே தாயிடம் தந்தவர்களில் 15.7 விழுக்காடு. கண்ணாடிப் பெட்டியின் இடத்தை ஒரு நெஞ்சுக்கூடு எடுத்துக்கொண்டது.

1867 மே மாதம் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டிய வள்ளலாரும், வருந்தும் உயிரின் பக்கத்தில் நிற்பதையே வழிபாடாக வைத்தார். தைப்பூசக் கூட்டத்துக்குள் நாலு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு நுழையும் பாட்டியை அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

வேன் போகட்டும். அப்பாவும் மூத்தவளும் தண்ணீர்ச் சறுக்கில் நனைந்துவிட்டு வரட்டும். அவளும் ஐந்து வாரம் அம்மா இல்லாத வீட்டில் இருந்தவள்தான். பாட்டி மஞ்சள் துணியை முடிந்து அலமாரியில் வைத்துவிட்டு, கிராம சுகாதார செவிலியரிடம் போய் ஒன்பது மாத ஊசி எந்தப் புதன்கிழமை வரும் என்று விசாரிக்கிறார். அக்டோபர் என்றதும் விரல்விட்டு எண்ணுகிறார்: புரட்டாசிக் கடைசி. மார்கழி என்றால் தேர்க் கூட்டம், வேண்டாம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வெள்ளாற்றுப் பக்கம் ஈரக் காற்று. ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, வெறிச்சோடிய ஏதாவது ஒரு செவ்வாய், புதன், காலை முதல் பூசைக்கு. பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய இப்போதைய கவலை. திரை விலகும் நேரத்துக்கு எழுப்பலாமா, கூடாதா?